கைநூலும் மில்நூலும்: ஒரு சின்னச் சட்டையின் கணக்கு

“ஐயா, இது முழுக்கக் கையால நூத்த நூலா?”

போன தை மாதம் நம் இயக்கத்தின் சந்தையில் ஒரு இளம் தாய் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது ஐந்து வயதுக் குழந்தைக்கான கையில்லாத பின்னல் சட்டை. என் வீட்டம்மா பின்னியது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘கைராட்டை நூல், கருங்கண்ணிப் பருத்தி’ என்று நானே அழகாக எழுதியிருந்தேன்.

“ஆமா” என்று சொல்லியிருக்கலாம். சட்டையைப் பிரித்துப் பார்த்தா வாங்கப் போகிறார்? ஆனால் அடுத்தவர் கொண்டுவந்த வரவு செலவுக் கணக்கில் ஓட்டை தேடித் தேடியே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கினவன் நான். நாக்கு எழவில்லை.

“பாதிதான்மா. நாலு இழைல ரெண்டு இழை ராட்டை நூல், ரெண்டு இழை மில் நூல்.”

“அந்த மில் நூல் எந்தப் பருத்தி?”

தெரியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. சட்டையை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வரகும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் வந்த கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பருத்தி போடுகிற உழவர்களுக்கும், விளைந்ததை வீட்டிலேயே மதிப்புக் கூட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் உதவும்.

பருத்தி ஏன், பின்னல் ஏன்?

எங்கள் நிலம் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். மானாவாரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. எங்கள் அப்பா காலத்தில் கருங்கண்ணிப் பருத்தியும் ஊடே கொத்தமல்லியும் உளுந்தும் போடுவார்கள். இப்போது சுற்றிலும் மக்காச்சோளம். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும், ஒரு ஏக்கரிலாவது கருங்கண்ணி போட வேண்டும் என்று பிடிவாதமாக விதை தேடி வாங்கினேன்.

கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி. ஆர்போரியம் என்கிற இனம். கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கருங்கண்ணியில்தான் ‘கே’ வரிசை ரகங்களை வெளியிட்டது. வேர் ஆழமாகப் போகும், வறட்சி தாங்கும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அவ்வளவாக அசையாது. பூச்சிமருந்து இல்லாமலே வளரும். ஆனால் இழை குட்டை. இன்றைய நூற்பாலை இயந்திரங்கள் நீள இழை அமெரிக்க இனப் பருத்திக்காகவே அமைந்தவை. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு நாட்டுப் பருத்தி இன்னும் ஓரத்துக்குப் போய்விட்டது.

விளைந்தது விளைந்துவிட்டது, வாங்க ஆள் இல்லை. வியாபாரி கையில் எடுத்து இழையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் மெத்தைக்குத்தான் சார் ஆகும்” என்றார். கொட்டை நீக்கிக் கொடுங்கள் என்று ஒரு அரைவை மில்லில் கேட்டபோது, ரெண்டு மூட்டைக்காக மெஷினைச் சுத்தம் பண்ணி ஓட்ட முடியாது, மற்ற பருத்தியோடு சேர்த்துத்தான் அரைப்போம் என்றார்கள். சேர்த்து அரைத்தால் என் பஞ்சும் போச்சு, விதையும் கலந்து போச்சு. மறுவருடம் விதைக்கக் கலப்பில்லாத கொட்டை வேண்டாமா?

அதனால் கையாலேயே கொட்டை எடுத்தோம். ஊரில் ராட்டை சுற்றத் தெரிந்த இரண்டு பெரியம்மாக்கள் இருந்தார்கள். சின்ன வயசில் கதர் நிலையத்துக்கு நூற்றுக் கொடுத்தவர்கள். பெட்டி ராட்டை இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இழை குட்டையாக இருப்பது கைக்கு ஒரு குறையே இல்லை. பஞ்சு புதிதாக இருக்கும், அழுத்திக் கட்டின பொதி இல்லை, அதனால் பட்டையிலிருந்து இழை தானாகவே வரும்.

நூல் சேர்ந்தது. நெசவுக்குக் கொடுக்கிற அளவு இல்லை. கைநூலைப் பாவுக்கு ஓட்டினால் அறும் என்று நெசவாளர்களும் தயங்கினார்கள். அப்போதுதான் வீட்டம்மா, “ஏங்க, இத எங்கிட்ட குடுங்க, நான் பின்னிப் பாக்குறேன்” என்றார். வேலையில் இருந்த காலத்தில் மூன்று வருடம் நீலகிரியில் இருந்தோம். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டவர் அவர். தறி வேண்டாம், பாவு வேண்டாம். இரண்டு ஊசி போதும்.

முதல் சட்டை முழங்காலுக்கு வந்தது

கம்பளி நூலில் பின்னிப் பழகின கைக்குப் பருத்தி நூல் நல்ல பாடம் நடத்தியது. அந்தப் பாடங்களை வரிசையாகச் சொல்கிறேன். முயற்சி செய்கிறவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

கம்பளி இழையில் இயற்கையாகவே சுருள் உண்டு. இழுத்துவிட்டால் திரும்பும். பருத்தியில் அது கிடையாது. பருத்திப் பின்னல் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். முதல் சட்டையை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டோம். மாலையில் எடுத்துப் பேரனுக்குப் போட்டால் முழங்கால் வரை வந்து நின்றது. பருத்திப் பின்னலைத் தொங்கவிடவே கூடாது. தண்ணீரைப் பிழியாமல் துண்டில் சுருட்டி எடுத்து, தட்டையாக விரித்து நிழலில் காயப்போட வேண்டும்.

இரண்டாவது, சட்டை கோணியது. பக்கத் தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. கடையில் வாங்கும் மலிவான டி-சர்ட் பத்துத் துவைப்புக்குப் பிறகு இப்படித் திரும்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனியன் துணியும் கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல்தான், மெஷின் செய்கிறது அவ்வளவே. ஒற்றை இழை நூலில் முறுக்கு மீதம் இருந்தால், அது பிரிந்து கொள்ளப் பார்க்கும். அந்த இழுப்பில் ஒவ்வொரு கண்ணியும் சாயும், மொத்தத் துணியும் சாயும். அதனால்தான் பின்னலாடைக்கான மில் நூலுக்கு, நெசவுப் பாவு நூலைவிடக் குறைவான முறுக்குக் கொடுக்கிறார்கள். கைநூலில் நாம் செய்யக்கூடியது, இரட்டித்து முறுக்குவது. நூற்கும்போது கதிர் எந்தப் பக்கம் சுற்றியதோ, இழைகளைச் சேர்த்து முறுக்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஒன்றின் இழுப்பை மற்றது தின்றுவிடும். நூல் அமைதியாகும்.

மூன்றாவது, சுருக்கம். பச்சை நூலில் பருத்தியின் மெழுகு அப்படியே இருக்கும். சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் பழுப்பாக இறங்கும். முதல் தடவை அந்தத் தண்ணீரைப் பார்த்து வீட்டம்மா பயந்தே போனார். பிறகு அலசி, அடியில் சின்னக் கனம் ஒன்றைத் தொங்கவிட்டு சிட்டத்தைக் காயப்போட வேண்டும். முறுக்கும் நிலைக்கும், நூலும் ஓரளவு சுருங்கி முடிந்திருக்கும்.

நான்காவது, மாதிரித் துண்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகு கண்ணியை எண்ண வேண்டும். துவைக்காமல் எண்ணினால் சட்டை யாருக்குமே பொருந்தாது. எங்கள் வீட்டில் யாருக்கும் பொருந்தாத சட்டை மூன்று இருக்கிறது.

மில் நூல் உள்ளே வந்த கதை

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகுதான் மில் நூல் வந்தது. வயதான கைகள் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். மெலிந்த இடம் ஊசியில் அறும். அதோடு, சந்தைக்குப் பத்துச் சட்டை வேண்டும் என்றால் நூல் போதவில்லை. வீட்டம்மாதான் யோசனை சொன்னார்: இரண்டு இழை கைநூல், இரண்டு இழை மில் நூல், நாலையும் சேர்த்துப் பின்னினால் மில் இழை தாங்கும், கைநூல் மேலே தெரியும். கழுத்துக்கும் இடுப்புக்கும் ஒன்று நேராகவும் ஒன்று புரட்டியும் பின்னுகிற பட்டி, மில் நூல் சேர்ந்தால் தளராமல் நிற்கும்.

யோசனை நல்ல யோசனைதான். ஒரு எச்சரிக்கை மட்டும். கைநூலை வேகவைத்துவிட்டு மில் நூலை அப்படியே சேர்த்தால், இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும், துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இரண்டையும் ஒரே பானையில் வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

பின்னல் கோணவில்லை, அறவில்லை. நான்தான் அட்டையில் மில் நூலை எழுதாமல் விட்டேன்.

லெட்ஜர் என்ன சொன்னது?

நூலின் தடிமனைக் கவுண்ட் என்பார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை இருக்கிறதோ அத்தனை கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெல்லிசு. எங்கள் பெரியம்மாக்கள் நூற்பது சுமார் 6 கவுண்ட். அதாவது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 10 மீட்டர். குழந்தைச் சட்டை 150 கிராம். ஆக, ஒற்றை இழையாக 1,500 மீட்டர் நூற்க வேண்டும். மணிக்கு 200 மீட்டர் என்று வைத்தால் ஏழரை மணி நேரம்.

மணிக்கு 60 ரூபாய் கூலி என்று எல்லா வேலைக்கும் ஒரே விலை போட்டேன்.

முழுக் கைநூல் சட்டை: பருத்தி அரைக் கிலோ 35 ரூபாய் (கொட்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு). கொட்டை எடுத்துப் பஞ்சு அடித்துப் பட்டை போட ஒன்றரை மணி நேரம், 90. நூற்க 450. இரட்டித்து வேகவைக்க 30. பின்ன 16 மணி நேரம், 960. மொத்தம் 1,565 ரூபாய்.

பாதி மில் நூல் சட்டை: பருத்தி 18. பட்டை போட 45. நூற்க 225. மில் நூல் 75 கிராம் 26. இரட்டிக்க 30. பின்ன அதே 960. மொத்தம் 1,304 ரூபாய்.

வித்தியாசம் 261 ரூபாய்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மில் நூல் சேர்த்ததால் விலை பாதியாகக் குறைந்துவிட்டது என்ற எண்ணத்தில் இருந்தவன் நான். பெரிய செலவு நூற்பில் இல்லை, பின்னலில் இருக்கிறது. இந்த 261 ரூபாய்க்காகத்தான் அட்டையில் பாதியை மறைத்தேன்.

அதைவிட மோசம் அடுத்த வரி. நான் அந்தச் சட்டையை விற்ற விலை 500 ரூபாய். அதில் ‘லாபம்’ என்று என் பழைய குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். எப்படி லாபம் வந்தது? பின்னல் கூலி 960 ரூபாயை எழுதவே இல்லை. வீட்டம்மா வேலைதானே!

குறைந்தபட்ச ஆதரவு விலையில் குடும்ப உழைப்பையும் நில வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடு, அதன் மேல் ஐம்பது சதவீதம் கொடு என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பரிந்துரையை எத்தனை தடவை எடுத்துக் காட்டியிருக்கிறோம்! குடும்ப உழைப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மேடையில் சத்தம் போடுகிற நான், என் வீட்டுக்குள்ளேயே அதைச் சேர்க்கவில்லை. நோட்டை வீட்டம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இப்பயாவது எழுதுனீங்களே” என்றார். அவ்வளவுதான்.

நூறு வருடத்துக்கு முந்தின அதே சிக்கல்

மில் நூலா, கைநூலா என்பது புதிய வழக்கு இல்லை. காந்தி தன் சுயசரிதையில் இதைத் திறந்து எழுதியிருக்கிறார். சபர்மதி ஆசிரமத்தில் முதலில் கைத்தறி போட்டார்கள், நூல் மில்லில் இருந்து வந்தது. கைத்தறியில் நெய்தாலும் நூலுக்கு மில்காரர் தயவில்தான் நிற்கிறோம் என்பது சீக்கிரமே புரிந்தது. பிறகு கங்காபென் மஜூம்தார் என்கிற அம்மையார் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், பரணில் போட்டிருந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். பட்டை கொடுத்தால் நூற்கிறோம் என்றார்கள் அந்த வீட்டுப் பெண்கள். உமர் சோபானி தன் மில்லில் இருந்து பட்டை அனுப்பினார். நூல் மலையாகக் குவிந்தது. ஆனால் காந்திக்கு அதிலும் மனம் ஒப்பவில்லை. மில் பட்டை வாங்கலாம் என்றால் மில் நூலே வாங்கலாமே என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பஞ்சு அடிக்கிறவரைத் தேடச் சொன்னார். அப்படி ஆசிரமத்தில் உருவான முதல் கதர் கெஜம் 17 அணா. ஒரு ரூபாய்க்கு மேல்! விலை அதிகம் என்பதை அவர் மறைக்கவில்லை.

சட்டமும் ஒன்று உண்டு. 1956-ம் வருட கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டப்படி, கையால் நூற்ற நூலில் கைத்தறியில் நெய்த துணிதான் கதர். 2013-ல் இருந்து கதர் முத்திரைக்குத் தனி விதிமுறையே இருக்கிறது. ஆகவே முழுக்கக் கைநூலில் ஊசியால் பின்னினாலும் அதைக் ‘கதர்’ என்று எழுதக் கூடாது. நம் நண்பர்கள் சிலர் ஆர்வத்தில் எழுதுகிறார்கள், கவனிக்கவும்.

இப்போது என்ன செய்கிறோம்?

அட்டையை மாற்றினோம். சட்டையில் ‘இரண்டு இழை கைநூல், எங்கள் கருங்கண்ணி; இரண்டு இழை மில் நூல், எந்தப் பருத்தி என்று தெரியாது’ என்று எழுதினோம். இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். வாங்குகிறார்கள், குறைவாக. 1,350 ரூபாய் என்பதால் யோசித்து வாங்குகிறார்கள். மில் நூலிலும் இயற்கைப் பருத்தி நூல் உண்டு. ஆனால் நான் விசாரித்த இடங்களில் ஐந்து கிலோ, பத்துக் கிலோவுக்கு யாரும் பேசத் தயாரில்லை.

முழுக் கைநூலுக்குச் சட்டை கட்டாது என்று லெட்ஜர் சொன்னதால், பிள்ளைகளுக்கான குல்லாவுக்கு வந்தோம். ஒரு குல்லாவுக்கு 40 கிராம். பருத்தி 10, பட்டை போட 25, நூற்க 120, இரட்டிக்க 15, பின்ன மூன்று மணி நேரம் 180. மொத்தம் 350 ரூபாய். 400-க்குக் கொடுக்கிறோம். குல்லாவில் நூல் கொஞ்சம் தடித்து மெலிந்தாலும் குற்றமில்லை, தன் கனத்தால் இறங்கவும் செய்யாது. சாயம் போடுவதில்லை. பிறந்த பிள்ளைக்குப் போட என்று தேடி வருகிறார்கள். கூலி வாரா வாரம் பட்டுவாடா, வீட்டம்மாவுக்கும் சேர்த்துத்தான். அவர் பாஸ்புக்கை நான் பார்ப்பதில்லை.

இதனால் கருங்கண்ணி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு ஏக்கர் பஞ்சில் பெரும்பகுதி இன்னும் திரிக்கும் தலையணைக்கும்தான் போகிறது. இரண்டு பெரியம்மாக்களில் ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மருமகள் இப்போதுதான் ராட்டையில் உட்கார ஆரம்பித்திருக்கிறாள், இழை அறுந்து அறுந்து போகிறது. ஏகாம்பரநாதன் என்ற நம் தமிழ்நாட்டுக்காரர் உருவாக்கிய அம்பர் ராட்டை ஒன்றை வாங்கலாமா என்று யோசனை. வேகம் கூடும், ஆனால் அதற்குப் பட்டையைத் தனியாகப் பக்குவப்படுத்த வேண்டும். அந்தக் கணக்கை இன்னும் போடவில்லை.

அரைவைக்குத்தான் ஒரு வழி தெரிகிறது. ரெண்டு மூட்டைக்கு மெஷினைச் சுத்தம் பண்ண மாட்டார்கள், இருபது மூட்டைக்குப் பண்ணலாம் என்கிறார்கள். எங்கள் ஊரில் மூன்று பேர் இந்தப் புரட்டாசிக்கு விதை வாங்கிப் போயிருக்கிறார்கள். கரிசல் வைத்திருக்கும் நண்பர்கள் ஆளுக்கு அரை ஏக்கர் போட்டு, ஒரே நாளில் ஒரே மில்லுக்குக் கொண்டுபோனால் பஞ்சும் கலக்காது, விதையும் கலக்காது. கூட்டத்தில் இதைப் பேசுவோம். வரும்போது உங்கள் கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். வீட்டுப் பெண்கள் வேலைக்கு ஒரு பத்தி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

போன மாதம் அந்த இளம் தாய் மறுபடி சந்தைக்கு வந்தார். அட்டையை எடுத்து முழுக்கப் படித்தார். ஒரு குல்லா வாங்கினார். சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, “முழுக் கைநூல்ல ஒண்ணு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார்.

“ஆயிரத்து அறுநூறு” என்றார் வீட்டம்மா. நான் வாய் திறக்கவில்லை.

“தீபாவளிக்கு ஒண்ணு பின்னித் தாங்க” என்று சொல்லிவிட்டு அளவு கொடுத்துப் போயிருக்கிறார்.